அச்சம் விளைக்கும் பிணி

உடலுக்கு வரும் நோய்க்குக் காரணங்கள் பல. தூய்மையற்ற நீரும், அளவறியா உணவும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் நோயை விளைப்பன என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், ‘இது எனக்குத் தீங்கு செய்யும்’ என்று நெஞ்சம் உறுதியாக நம்பிவிடின், அந்நம்பிக்கையே உடலை வருத்த வல்லது என்பதைக் கற்றோருள்ளும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பழமொழி. இருளிலே பேய் இல்லை. எனினும், பேயைக் கண்டதாக எண்ணி அஞ்சியவனுடைய நெஞ்சு துடிப்பதும், மேனி வியர்ப்பதும், கால்கள் தளர்வதும் மெய்யே. இவ்வுண்மையை இக்கால மருத்துவ ஆராய்ச்சி அளந்து காட்டியுள்ளது.

மருந்துச் சத்து சிறிதும் இல்லாத மாத்திரையை மருந்தென நம்பி உண்டவருள் சிலர் நலம் பெறுவது உண்டு. அத்தகைய வெறுமாத்திரையை மேல்நாட்டு மருத்துவர் ‘பிளாசிபோ’ என்பர். இலத்தீன் மொழியில் ‘மகிழ்விப்பேன்’ என்பது அதன் பொருள். இதற்கு மறுதலையாகத் தீங்கு வருமென எதிர்பார்ப்பதனாலேயே தீங்கு நேர்வதும் உண்டு. அதனை வால்ட்டர் கென்னடி என்பார் 1961 ஆம் ஆண்டில் ‘நொசீபோ’ எனக் குறித்தார். ‘தீங்கு செய்வேன்’ என்பது அச்சொல்லின் பொருள்.

இத்தீங்கு எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று காண்போர் தெளிவர். குருதியில் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பு மிகுமாயின், அது குருதிக் குழாய்களின் உட்சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிகோலும். அக்கொழுப்பைக் குறைப்பதற்கு ‘ஸ்டாட்டின்’ என்னும் மருந்துவகை உலகெங்கும் வழங்கப்படுகிறது. அதனை உண்ணத் தொடங்கியோர் பலர், தசைவலியும் சோர்வும் உண்டாவதாகக் கூறி இடையிலேயே கைவிடுகின்றனர். உயிருக்குக் காவலாக நிற்கும் மருந்து ஒழிந்தபின் மாரடைப்பின் இடர் மீண்டும் பெருகுகிறது. ஆதலின், அவ்வலி மருந்தால் வருவதோ, மருந்தைப் பற்றிய அச்சத்தால் வருவதோ என்று ஆராய்வது இன்றியமையாததாயிற்று.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து, 2020 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொல்லை பொறாது ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேர் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டனர். திங்களுக்கு ஒன்றாக ஒவ்வொருவர்க்கும் 12 குப்பிகள் வகுக்கப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின் இருந்தது. நான்கில் தோற்றத்தால் அதனை ஒத்த வெறுமாத்திரை இருந்தது. எஞ்சிய நான்கும் வெறுங்குப்பிகள். தாம் உண்பது மருந்தோ வெறுமாத்திரையோ என்பதை அவர்கள் அறியார். நாள்தோறும் தாம் உற்ற தொல்லையைச் சுழி முதல் நூறு வரை எண்ணிட்டுக் குறித்து வந்தனர். மாத்திரை உண்ணாத திங்களில் அத்தொல்லையின் சராசரி அளவு 8. ஸ்டாட்டின் உண்ட திங்களில் 16.3, வெறுமாத்திரை உண்ட திங்களிலோ 15.4. மருந்து உண்டதனால் மிகுந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையாலும் மிகுந்தது என்பது இதனால் விளங்கும். தத்தம் கணக்கைக் கண்ணாரக் கண்ட பின்னர், அவருள் 30 பேர் கைவிட்ட மருந்தை மீண்டும் உண்ணத் தலைப்பட்டனர். அச்சத்தை அறிவு வென்றது.

மாத்திரை உண்ணாத திங்களிலும் தொல்லையின் அளவு 8 ஆக இருந்தமை கருதத்தக்கது. உடல் என்று ஒன்று இருக்கும் வரை, இன்று முதுகில் ஒரு வலியும் நாளை தலையில் ஒரு கனமும் வந்து போதல் இயல்பு. மற்ற நாட்களில் மனம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ‘இம்மாத்திரை வலி தரும்’ என்ற எண்ணம் புகுந்தபின், மனம் காவற்காரனைப் போல் விழித்திருந்து, ஒவ்வொரு சிறு நோவையும் பிடித்துப் பெரிதாக்குகிறது.

அவ்வளவில் இது நிற்பதன்று. அஞ்சும்போது அட்ரினலின் என்னும் சுரப்புக் குருதியில் கலந்து, நெஞ்சத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. வலியை எதிர்பார்க்குங்கால், ‘கோலிசிஸ்டோகைனின்’ என்னும் பொருள் நரம்பு மண்டலத்தில் தொழிற்பட்டு வலியை மிகுவிக்கிறது. இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்து அறிஞர் பெனடெட்டி என்பாரும் அவர்தம் துணைவரும், அப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்தொன்றைக் கொடுத்து, எதிர்பார்ப்பால் வலி மிகுவதைத் தடுக்கலாம் என 1997 ஆம் ஆண்டில் காட்டினர்.

அச்சம் புதிய வலியைத் தருவதோடு அமையாது, நல்ல மருந்தின் ஆற்றலையும் அழிக்கும். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்று 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், நலமுள்ள 22 பேரின் காலில் வெப்பத்தால் வலி உண்டாக்கி, வலிநீக்கும் வலிய மருந்தொன்றைக் குருதியில் செலுத்தினர். மருந்து செலுத்துவதை அறிவித்தபோது வலி நன்கு தணிந்தது. பின்னர், மருந்தை நிறுத்தாமலே, ‘நிறுத்திவிட்டோம், இனி வலி மிகக்கூடும்’ என்றனர். அச்சொல் செவியில் பட்டதும், வலி ஏறத்தாழ மருந்துக்கு முன்னிருந்த அளவிற்கே ஏறியது. மருந்து குருதியில் ஓடிக்கொண்டிருக்கவே, ஒரு சொல் அதன் பயனைக் கெடுத்தது.

‘அங்ஙனமாயின் நோயெல்லாம் மனத்தின் மயக்கந்தானோ?’ என்று சிலர் வினவலாம். அன்று. நுண்ணுயிரால் வரும் காய்ச்சலும் நஞ்சால் வரும் கேடும் அஞ்சாதவனையும் தாக்கும். ஸ்டாட்டின் சிலருக்கு உண்மையாகவே தசைக்கேடு விளைப்பதும் உண்டு. ஆதலின், மருந்து உண்டபின் நேரும் தொல்லையை மறையாது மருத்துவரிடம் கூறுதலே முறை. தானே மருந்தை நிறுத்துதலும், வாளா பொறுத்துக் கிடத்தலும் தவறு. அச்சத்தால் வலியுற்றவனை நோக்கி, ‘நீ நடிக்கிறாய்’ என்று இகழ்வது அதனினும் தவறு. வலியின் வேர் எதுவாயினும், வலிப்பது அவன் உடலே.

மருத்துவர் பின்விளைவுகளை நோயாளியிடம் மறைத்தலும் அறமாகாது. ஆயினும், ஒரே உண்மையை இருவகையாகச் சொல்லலாம். ‘நூற்றில் ஐவர்க்குத் தலைவலி வரும்’ என்பதும் உண்மை. ‘நூற்றில் தொண்ணூற்றைவர்க்கு ஒரு தொல்லையும் இராது’ என்பதும் அதே உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுமிடத்து அறிவும் நிறையும், அச்சமும் குறையும்.

மருத்துவரினும் மிகுதியாக இவ்வகையில் எச்சரிக்கை வேண்டுவது உறவினர்க்கும் நண்பர்க்குமே. நோயாளியைக் காணச் செல்வோருள் சிலர், ‘இதே நோயால்தான் இன்னார் இறந்தார்’ என்றும், ‘இந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கிவிடும்’ என்றும் அன்பின் மிகுதியால் கூறிவிட்டு எழுந்து செல்வர். அவர் சென்ற பின்னும் அச்சொல் நோயாளியின் தலையணை அருகிலேயே தங்கிவிடுகிறது. பழம் கொண்டு செல்லும் கை, நஞ்சு கொண்டு செல்லும் நாவையும் உடன் அழைத்துச் செல்லலாமா?

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என நான்கினை மருத்துவத்தின் உறுப்புகளாகத் திருவள்ளுவர் வகுத்துள்ளார். அவர் முதலில் வைத்தது நோயுற்றவனை. அவன் உள்ளத்தில் அச்சம் குடிகொண்டிருக்குமாயின், ஏனைய மூன்றும் செய்யும் நன்மை பெரிதும் குறையும். ஆதலின், கேட்ட செய்தியை ஆராய்ந்து அறியாமல் அஞ்சாதிருத்தல் நோயுற்றவன் கடன். அவனை அஞ்சுவியாதிருத்தல் அருகிருப்போர் கடன். நாவைக் காத்தலும் ஒரு மருத்துவமே என்பதை இளமையிலேயே கற்பவர், பிற்காலத்தில் தம் வீட்டார்க்கும் அயலார்க்கும் நற்றுணையாவர்.