பிள்ளையின் கல்யாண வயதைச் சம்பளத் துண்டு தீர்மானிக்கக்கூடாது



தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். பந்தல் போடுவது முதல் பாத்திரம் கழுவுவது வரை லயமே ஒன்றாக நிற்கும். ஆனால் சில கல்யாணங்களில் ஒரு கேள்வியைக் கேட்காமலே சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம். பெண்ணுக்கு என்ன வயது?

1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நாட்டின் பொதுத் திருமணச் சட்டப்படி 18 வயதுக்கு முன் யாருடைய திருமணத்தையும் பதிவு செய்ய முடியாது. 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, சில வேளை எழுதாமலே, 16, 17 வயதுப் பிள்ளைக்குக் கோயிலில் தாலி கட்டுவது இன்னும் நிற்கவில்லை. "18 ஆனதும் பதிந்துகொள்ளலாம்" என்பார்கள். அதற்குள் குழந்தை பிறந்துவிடும். பிறப்புப் பதிவில் சிக்கல். நாளைக்குப் புருஷன் இறந்தால், சேமலாப நிதி கேட்டுப் போகும் இடத்தில் முதலில் கேட்பது விவாகச் சான்றிதழ். அந்தப் பிள்ளை எதைக் காட்டுவாள்?

பெற்றோரைத் திட்டுவது சுலபம். "தோட்டத்து ஆட்களின் பழக்கம் அப்படி" என்று வெளியார் சொல்வது இன்னும் சுலபம். நாம் சங்கக்காரர்கள். நமக்குக் கணக்குத் தெரியும். அந்த வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 730 ரூபாய். 2019இல் 750. மூன்று வருடத்தில் மொத்தமாகக் கூடியது 20 ரூபாய். 2021இல் சம்பளச் சபை ஊடாக 1000 வந்தது. 2022 செப்டம்பரில் நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோதும் நாம் அதே 1000 ரூபாயில்தான் மாவு வாங்கினோம். 2024 செப்டம்பரில்தான் 1350 வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், அடுத்த ஜனவரியிலிருந்து கம்பனி தருவது 1550, அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1750 என்று அறிவித்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 25 நாள் பேர் விழுந்தால் 43,750 ரூபாய். ஆனால் யாருக்கு 25 நாள் விழுகிறது? மழை, கொழுந்தில்லாத மாதம், பிள்ளைக்குக் காய்ச்சல், கிலோ குறைந்தால் அரைப் பேர். 15 நாள் விழுந்தால் 26,250. அதிலும் சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கடன் எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் கைக்கு வரும். மேடையில் பேசப்படுவது நாட்சம்பளம். வீட்டில் உலை ஏறுவது மாதச் சம்பளத்தில்.

அந்த மாதச் சம்பளத்துக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். உயர்தரம் படிக்க ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகவேண்டும் என்றால் தினமும் பஸ் காசு, டியூஷன் காசு, சப்பாத்து. ஒரே காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லோரும். பெற்றவர்கள் வேலைக்குப் போனால் வயசுப் பிள்ளை தனியே. தாய் வெளிநாட்டுக்குப் போயிருந்தால் அடுப்பும் தம்பி தங்கையும் அவள் தலையில். இந்த நிலையில் ஒருவர் வந்து பெண் கேட்டால், "ஒரு பொறுப்புக் கழிந்தது" என்று ஏன் நினைக்கமாட்டார்கள்?

நகைக் கணக்கும் இருக்கிறது. ஒரு பவுன் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1750 ரூபாய் வாங்கும் ஒருவர் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் சேர்த்தாலும், ஒரு பவுனுக்கு 171 நாளுக்கு மேல் கொழுந்து எடுக்கவேண்டும். பெண்ணுக்கு வயது கூடினால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதும் கூடும் என்ற பயத்தில், சின்ன வயதிலேயே பேசி முடிக்கிறார்கள். அதற்கு வட்டிக்குக் கடன். அந்தக் கடனைக் கட்ட அடுத்த பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அக்காவின் கல்யாணம் தங்கையின் பள்ளிக்கூடத்தை விழுங்குகிறது.

இதே சம்பளம் இன்னொரு வீட்டில் நேர்மாறாகவும் வேலை செய்கிறது. கொழும்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் போய் உழைத்து, தம்பிகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனைக் கட்டி, 30 தாண்டியும் கல்யாணமாகாமல் நிற்கும் அக்காமார் நம் லயங்களில் இல்லையா? அவர்களுக்கு ஊர் வைக்கும் பெயர் நமக்குத் தெரியும். ஒருத்திக்கு 16இல் தாலி, இன்னொருத்திக்கு 35இலும் இல்லை. எப்போது, யாரை என்று தீர்மானிக்கும் உரிமை இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

சம்பளம் கூடினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கூடிய காசு சாராயக்கடைக்குப் போன வீடுகளும் உண்டு. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என மூன்று விதமாகக் கூலி பிரித்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதை 1984இல்தான் போராடி வென்றோம். கூலி சமமானது, வீட்டில் அந்தக் காசைச் செலவு செய்யும் உரிமை சமமாகவில்லை. மலை ஏறி இறங்கியவள் ஒருத்தி, சம்பளத்தை எண்ணி வைப்பவர் வேறொருவர் என்றால், மகளின் படிப்பைப் பற்றித் தாய் என்ன சொல்லமுடியும்?

நம் பக்கத்துத் தவறையும் ஒளிக்காமல் சொல்கிறோம். 18 ஆகாத பிள்ளையின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மொய் எழுதிய தலைவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். "குடும்ப விஷயம், சங்கம் தலையிடக்கூடாது" என்று சொல்லித் தப்பினோம். வேலைநிறுத்தத்தில் முன்னால் நிற்பவர்கள் பெண்கள். தோட்டக் கமிட்டியில் தலைவர், செயலாளர் நாற்காலியில் எத்தனை பெண்கள்? இந்த விஷயம் இத்தனை காலம் கமிட்டிக் கூட்டத்துக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத் தொகையோடு நின்றுவிடக்கூடாது. மாதத்துக்கு இத்தனை நாள் வேலை என்ற உத்தரவாதம் வேண்டும். காலநிலை பார்க்காமல் கிலோவைக் கூட்டி அரைப் பேர் போடுவது நிற்கவேண்டும். பெண் தொழிலாளியின் சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே போகவேண்டும். லயக் காம்பராவுக்குப் பதில் காணி உறுதியோடு தனி வீடு வேண்டும். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பஸ் வசதி கேட்பதும் தொழிற்சங்கக் கோரிக்கைதான்.

நாமே இன்றைக்குச் செய்யக்கூடியதும் உண்டு. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்போம். 18 ஆகவில்லை என்றால் தலைவர் போகக்கூடாது, சங்கத்தின் மாலையும் போகக்கூடாது. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை யார் என்று மாதர் கமிட்டி மாதம் ஒரு முறை லயம் லயமாகப் பார்க்கட்டும். காசில்லை என்பதுதான் காரணம் என்றால் அதைக் கமிட்டிக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையை வற்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

அடுத்த முறை பந்தலுக்குக் கம்பு வெட்டப் போகுமுன் அந்தக் கேள்வியைக் கேட்போம். பெண்ணுக்கு என்ன வயது? அவளுக்குச் சம்மதமா?