பயத்தை தவணையில் அடைப்போம்!

எங்க ஊர் மதுரைங்க. அங்கே ஐஸ்னா ஒண்ணு ஜிகர்தண்டா கடையில் இருக்கும், இல்லை மீன் மார்க்கெட்டில் இருக்கும். அது மேல ஏறி நின்னு வழுக்கிட்டுப் போகலாம்னு யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. பி.காம் படிக்க டொராண்டோ வந்த அப்புறம்தான் அந்தக் கூத்தை நேரில் பார்த்தேன். இங்கே குளிர்காலத்தில் சிட்டி ஹால் வாசலில் இருக்கும் நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்துக் குளமே ஐஸ் தளமாகிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். இலவசம்னா நாம விடுவோமா? :-)

இது எனக்கு மூணாவது குளிர்காலம். முன்னால போவேன், நிறுத்துவேன், சுமாரா பின்னாலயும் போவேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த அட்வைஸ்களில் முதலிடம் "பயப்படாதே!" என்பதற்குத்தான். கொஞ்சமும் உபயோகம் இல்லாத அட்வைஸும் அதுதான். பயம் என்ன லைட் சுவிட்சா, அணைச்சுட்டுக் கிளம்புறதுக்கு?

என்னோட கட்சி இதுதான். வளர்ந்த பிறகு ஸ்கேட்டிங் கத்துக்கிறவங்க பயத்தை ஜெயிக்க வேண்டியதில்லை. கடன் மாதிரி தவணை தவணையா அடைச்சா போதும்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். நம்ம பயம் முட்டாள்தனம் இல்லை. "அந்த அஞ்சு வயசுப் பொண்ணைப் பாரு, எப்படிப் பறக்குது!"ன்னு சொல்றாங்க. அந்தப் பாப்பா விழுந்தா மூணடி உயரத்திலிருந்து, மெத்தை மாதிரி இருக்கும் பனிக்கோட்டோட விழும். நான் விழுந்தா அஞ்சே முக்கால் அடியும் எழுபது கிலோவும் சேர்ந்து விழும். விழும்போது கையை ஊன்றுவது அனிச்சையா நடக்கும். அப்படி ஊன்றித்தான் நிறைய பேருக்கு மணிக்கட்டு உடையுது. உடைஞ்சா மாவுக்கட்டு, சுமார் ஆறு வாரம்.

என்னை மாதிரி வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவங்களுக்கு ஒண்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு கிடையாது. பல்கலைக்கழகம் வழியா வரும் ‘யூஹிப்’ காப்பீடுதான். அது ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கும். ஆனா ஆறு வாரம் பார்ட் டைம் வேலைக்குப் போக முடியலைன்னா அந்தச் சம்பளத்தை யார் தருவாங்க? வாடகையை யார் கட்டுவாங்க? அந்தப் பாப்பாவுக்கு வாடகைக் கவலை இல்லைங்க.

டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஒரு கோட்பாடு எங்க படிப்பில் வரும். (கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைச்சது.) நூறு ரூபாய் கிடைச்சா வரும் சந்தோஷத்தை விட, நூறு ரூபாய் தொலைஞ்சா வரும் வலி பெரிசுன்னு அது சொல்லுது. ஐஸ் மேலயும் அதே கணக்குதான். புது வித்தை வந்தா கொஞ்சம் சந்தோஷம். விழுந்தா மணிக்கட்டு. மனசு ‘வேண்டாம்’னு சொல்றதில் ஆச்சரியம் என்ன?

அப்படின்னா பயத்தை அப்படியே விட்டுடலாமா? முடியாது. பயந்தா முழங்கால் விறைக்கும், உடம்பு பின்னால சாயும், கண் தரையைப் பார்க்கும். ஐஸில் வேண்டியதோ நேர் எதிர். முழங்கால் மடங்கணும், எடை கொஞ்சம் முன்னால இருக்கணும், பார்வை நேரா போகணும். அதாவது, விழுந்துடுவோம்ங்கிற பயமே நம்மை விழ வைக்கும். பேங்க் திவாலாகப் போகுதுன்னு வதந்தி கிளம்பி, எல்லாரும் ஒரே நாளில் பணத்தை எடுக்க ஓடினா, நல்லா இருந்த பேங்கே கவிழ்ந்துடும் இல்லையா, அந்தக் கதைதான்.

சரி, தவணைக்கு வருவோம்.

முதல் தவணை, விழக் கத்துக்கிறது. நின்ன இடத்திலேயே முழங்காலை நல்லா மடக்கி, பக்கவாட்டில் தொடையும் இடுப்பும் படுற மாதிரி விழணும். கையை ஊன்றக் கூடாது. பின்மண்டை அடிபடாம தாடையை நெஞ்சோடு சேர்த்து வைக்கணும். எழும்போது முட்டி போட்டு, ஒரு காலை ஊன்றி, அந்த முழங்கால் மேல ரெண்டு கையையும் வெச்சு அழுத்தி எழணும். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கவசமும் போட வெட்கமே வேண்டாம். அது இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

ரெண்டாவது தவணை, நிறுத்தக் கத்துக்கிறது. பிரேக் பிடிக்கும்னு தெரிஞ்சாதான் வண்டியை முறுக்கவே தைரியம் வரும்.

மூணாவது, ஒவ்வொரு வித்தையையும் துண்டு போடுறது. நான் இப்போ பழகும் ‘த்ரீ டர்ன்’ ஒரே காலில் முன்னால போயிட்டே திரும்பிப் பின்னால போறது. ஐஸில் விழும் கோடு 3 மாதிரி இருக்கும். மொத்தமா நினைச்சா வயித்தைக் கலக்கும். அதனால முதல்ல ரெண்டு காலில் நின்ன இடத்தில் திரும்புறேன். அப்புறம் சுவரைப் பிடிச்சு ஒரு காலில். அப்புறம் சுவர் இல்லாம, ரொம்ப மெதுவா. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு என்னையே கேட்டுப்பேன். மூணு, நாலுன்னா செய்வேன். எட்டுன்னா இன்னும் சின்னதா வெட்டணும்னு அர்த்தம். குழந்தைங்களுக்கு இப்படிக் கணக்குப் போடத் தெரியாது. இது நமக்கு மட்டும் உள்ள சலுகை.

"இப்படியே போனா ஆயுசுக்கும் சுவரைப் பிடிச்சுட்டுத்தான் நிற்பே"ன்னு சிலர் சொல்லலாம். நியாயமான கேள்வி. கிரெடிட் கார்டில் மாசாமாசம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுறவன் கடன் லேசில் தீராது. சுவரும் அப்படித்தான். அதுலேயே சாஞ்சு பழகினா உடம்பு சமநிலையைக் கத்துக்கவே கத்துக்காது. அதனால ஒவ்வொரு தடவையும் அசலில் கொஞ்சமாவது கழியணும். பத்து நிமிஷமாவது சுவரை விட்டு வரணும்.

இன்னொரு பயம் இருக்கு. யாராவது பார்த்துச் சிரிப்பாங்களோ? இதுக்குத் தவணையே வேண்டாம். வாராக்கடன்னு எழுதித் தள்ளிடுங்க. அங்கே இருக்கும் ஒவ்வொருத்தரும் தன் காலைப் பார்க்கவே நேரம் இல்லாம இருக்காங்க, உங்க காலை யார் பார்க்கிறது?

வயசு ஆயிடுச்சேன்னு தயங்குறவங்களுக்கு டீன்னா ஸ்டெல்லாட்டோ-டூடெக் பேரைச் சொல்வேன். 2000-ல் உலக ஜூனியர் போட்டியில் ஒற்றையர் பிரிவில் வெள்ளி வாங்கியவர். காயங்களால் விலகி, 2016-ல் முப்பது வயசு தாண்டித் திரும்பி வந்தார். அதுவும் ஜோடிப் பிரிவில். தலைக்கு மேல தூக்குறது, தூக்கி எறியுறது எல்லாம் அதில்தான் உண்டு. 2024-ல் மாண்ட்ரியலில் மேக்சிம் தெஷாம்போடு கனடாவுக்காக உலகப் பட்டம் ஜெயிச்சப்போ அவருக்கு வயசு 40. சின்ன வயசில் கத்துக்கிட்ட அடிப்படை அவருக்கு இருந்தது, உண்மை. ஆனா ஜோடிப் பிரிவு வித்தைகளை அந்த வயசில்தான் கத்துக்கிட்டார்.

நமக்குப் பட்டம் வேண்டாம். நீச்சலோ, கார் ஓட்டுறதோ, ஐஸோ, ரொம்ப நாளா தள்ளிப் போட்டது ஒண்ணு உங்களுக்கும் இருக்கும். அதில் பயம் மூணு மார்க் மட்டும் வாங்கும் துண்டு எதுன்னு பாருங்க. இந்த வாரம் அதை மட்டும் செய்யுங்க.