அந்த ‘நான்’ யாரிடம் பேசுகிறது?

அத்தியாயத்துக்கு ஒருவர் ‘நான்’ என்று கதை சொல்லும் நாவல் கையில் வந்தால், தலைப்பிலுள்ள பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். பெரும்பாலும் எல்லா ‘நானும்’ ஒரே ஆள்தான், எழுதியவர்.

ஃபாக்னர் 1930-லேயே ஒரு நாவலில் பதினைந்து பேரைப் பேசவிட்டார். பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலில் பிணமும் பேசும். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் ‘கூற்று’ என்ற கையோடு ‘கேட்போர்’ என்பதையும் ஓர் உறுப்பாக வைக்கிறது. தோழியிடம் பேசுகிற மாதிரி தலைவி செவிலியிடம் பேசமாட்டாள்.

எங்கள் ஊர்த் திருமழிசை ஆழ்வார் தன் குரலிலேயே பாடியவர். குலசேகரர் அப்படியில்லை. பெருமாள் திருமொழியின் எட்டாம் பதிகத்தில் கோசலையாகி ராமனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார். அடுத்த பதிகத்திலேயே தசரதனாகி, காட்டுக்குப் போன அதே பிள்ளையை நினைத்துப் புலம்புகிறார். கைக்கெட்டும் பிள்ளையிடம் பேசுவதும், காதுக்கெட்டாத பிள்ளையிடம் பேசுவதும் ஒன்றா?

கேட்பவர் மாறினால் பேச்சும் மாறும் என்பது சினிமாவுக்குத் தெரியும். ‘விருமாண்டி’யில் (2004) கொத்தாளத் தேவர் சிறையில் கேமரா முன்னால் நியாயவானாகிறார். அவர் கூட்டாளிகளிடம் அப்படிச் சொல்வாரா? சுந்தர ராமசாமி ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளின் (1981) இரண்டாம் பகுதியை நாயகன் ஜே.ஜே.யின் நாட்குறிப்பாக்கினார், யாருக்கும் சொல்லாத பேச்சு. அதிலும் ஜே.ஜே.யின் நடை, கதைசொல்லி பாலுவின் நடையோடு ஒட்டிக்கொள்கிறது என்ற குறை எனக்கு உண்டு.

எங்கள் ஊர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நாவல் எழுதுகிறார். பவர் பிரஸ்ஸில் ஒருவனுக்கு விரல் போகிறது; அவனும் அம்மாவும் கான்ட்ராக்டரும் மாறிமாறிச் சொல்கிறார்கள். மூவருக்கும் ஒரே செந்தமிழ்.

“அம்மா இதை யாருகிட்ட சொல்றாங்க தம்பி?”

யோசித்தார். “ரேஷன் கடை வரிசையில, பக்கத்து வீட்டு அக்காகிட்ட.”

“கான்ட்ராக்டர்?”

“ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட சார்.”

இப்போது அம்மா, “சின்னக் காயம்தான்க்கா” என்கிறாள். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கான்ட்ராக்டர், “சேஃப்டி கார்டைக் கழட்டினதே அவன்தான் சார்” என்கிறார். அத்தியாயங்களுக்குப் பெயரே தேவைப்படவில்லை.

விரல் போனவன் யாரிடம் சொல்கிறான் என்பதுதான் தம்பிக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனுடைய அத்தியாயங்களை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்.