ஒரே மலை... ஐந்து பாடம்!

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புவியியல் என்றாலே மனப்பாடம்தான். பொதுத்தேர்வு முடிந்ததும் எல்லாம் மறந்துபோகும். காரணத்தோடு படித்தால் மறக்காது.

கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோவை, மழை மறைவுப் பகுதி. மழை குறைவு, சுற்றுவட்டாரத்தில் கரிசல் மண். இரண்டுக்கும் ஏற்ற பயிர் பருத்தி. 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. அந்த மின்சாரமும் மலையில் பெய்த மழை தந்ததுதான்!

காற்று, மலை, மண், பயிர், தொழில்... ஐந்தும் ஒரே கதை. 'நம்ம ஊர்ல ஏன் இந்தப் பயிர் விளையுது?' என்று இன்றைக்கே பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தேடும்போதே பாடம் மனதில் பதியும். மேப் கேள்வியைக் கண்டாலும் கை நடுங்காது.