கண்ணில் பட்டதெல்லாம் மனதில் நிற்குமா?

தேனி அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா என்றால் எட்டு நாளும் இரவு பகல் தெரியாத கூட்டம். தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருபவர்கள் ஒருபக்கம், ராட்டினத்தைச் சுற்றி நிற்கும் குழந்தைகள் மறுபக்கம். பார்வையிழந்த மன்னன் வீரபாண்டியன், அம்மனை வேண்டி மீண்டும் பார்வை பெற்றான் என்கிறது இந்தக் கோயிலின் தல வரலாறு.

இரவில் ராட்டினம் வேகமெடுத்ததும், தனித்தனி பல்புகள் ஒரே ஒளி வளையமாகத் தெரியும். உண்மையில் அங்கே வளையம் இல்லை. பல்பு நகர்ந்த பிறகும் அதன் படம் ஒரு கணம் நமக்குள் தங்குவதால் அப்படித் தெரிகிறது.

எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது? அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. மூன்று வரிசைகளில் 12 எழுத்துகளை, ஒரு விநாடியில் 20-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார். பார்த்தவர்களால் நான்கைந்து எழுத்துகளையே சொல்ல முடிந்தது. ‘நிறைய பார்த்தோம், சொல்வதற்குள் மறந்துவிட்டது’ என்றார்கள்.

அடுத்து, படம் மறைந்த உடனே ஓர் ஒலியை எழுப்பினார். உச்ச ஒலி என்றால் மேல் வரிசை, நடு ஒலி என்றால் நடு வரிசை, தாழ்ந்த ஒலி என்றால் கீழ் வரிசை. எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் சுமார் மூன்று எழுத்துகளைச் சரியாகச் சொன்னார்கள். எந்த வரிசையைக் கேட்பார் என்பது முன்கூட்டியே தெரியாது. அப்படியானால், 12-ல் ஒன்பது எழுத்துகளாவது அந்தக் கணத்தில் அவர்களிடம் இருந்திருக்கின்றன! ஆனால், ஒலியை ஒரு விநாடி தாமதித்தபோது பழைய கதைதான். நீர்மேல் எழுத்தாக எல்லாம் அழிந்திருந்தது. இந்த நினைவுக்கு 1967-ல் உல்ரிக் நைஸர் வைத்த பெயர், ‘ஐகானிக் மெமரி’.

அடுத்த காட்சி கண்ணில் பட்டால், முந்தையது இன்னும் சீக்கிரம் அழிந்துவிடும். அந்தக் கணத்துக்குள் எதைக் கவனிக்கிறோமோ, அதுதான் மனதில் நிற்கும்.

திருவிழாக் கூட்டத்தில் இது விளையாட்டல்ல. பிள்ளையின் கை நழுவுகிறது. ‘எந்தப் பக்கம் போனான், என்ன கலர் சட்டை?’ என்று போலீஸார் கேட்கும்போது அப்பா திணறுகிறார். காலையிலிருந்து பத்து முறை பார்த்த சட்டைதான், ஆனால் ஒருமுறையும் கவனித்துப் பார்க்கவில்லை. கடைசியாகத் தெரிந்த அந்த முகத்தின் மேல், நூறு முகங்கள் வந்து போய்விட்டன. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோருடைய கண்ணும் அப்படித்தான்.

கிளம்பும் முன் பிள்ளையைச் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ‘மஞ்சள் சட்டை, நீல டவுசர்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம். போன் நம்பர் எழுதிய சீட்டை அவன் பையில் வைக்கலாம். இடித்துவிட்டுப் பறக்கும் பைக்கின் நம்பரையும் அதேபோல உடனே சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்த காட்சி வருவதற்குள் சொல்லிவிட்டால், அது மனதில் நிற்க வாய்ப்பு உண்டு.