பள்ளிப் பாதுகாப்புப் பட்டியலில் விடுபட்ட வரி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் நம் பள்ளிகளும் திறக்கின்றன. கீழப்பாவூர், பாவூர்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரிடம் ஆசிரியர்கள் சில விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். நெல்லை – தென்காசி சாலையைக் கடக்கும்போது பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்து கிடக்கும்போது பிள்ளைகள் கரைப் பக்கம் போகக் கூடாது. மழை நேரத்தில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. காய்ச்சல் அடித்தால் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அறிமுகம் இல்லாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாது. எல்லாம் தேவையான அறிவுரைகள்தான். ஒன்றையும் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இந்தப் பட்டியல் சும்மா உருவானதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்பது கண்டிப்பானது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லை நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். உயிர் போன பிறகே ஒவ்வொரு விதியும் உயிர் பெற்றிருக்கிறது.

அப்படிப் பார்த்தால், இந்தப் பட்டியலில் ஒரு வரி வெகுகாலமாக விடுபட்டுக் கிடக்கிறது. அது சாதியைப் பற்றிய வரி. சாலையையும் குளத்தையும் போலவே சாதியும் பிள்ளைக்கு ஆபத்து என்று எந்தப் பள்ளிச் சுவரிலும் எழுதப்படவில்லை. இந்த ஆபத்து நம் மாவட்டத்துக்குப் புதியதும் இல்லை.

பாஞ்சாகுளம் சொன்ன பாடம்

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள பாஞ்சாகுளத்தில் நடந்ததை நாடே பார்த்தது. தின்பண்டம் வாங்கப் போன தலித் பிள்ளைகளிடம், உங்கள் தெருக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதை அவரே காணொளியாகவும் எடுத்தார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கையில் காசோடு நின்று முழித்தார்கள். பெரியவர்களின் வழக்குத் தகராறுக்குத் தண்டனை, மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகளுக்கு.

அதன் பிறகு கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. 1989இல் வந்த சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பது அதுவரை நம்மில் பலருக்கே தெரியாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, கடையில் பொருள் தர மறுப்பதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும் அந்தச் சட்டத்தின்படி நேரடியாகவே குற்றம். சட்டம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும் என்பது பாஞ்சாகுளத்தில் நாம் படித்த முதல் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. காணொளி வெளியே வந்ததால் அது செய்தியானது. காணொளி எடுக்கப்படாத கடைகளும் வகுப்பறைகளும் எத்தனை? அங்கே நடப்பதை நமக்குச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது. அந்தச் சாட்சிக்கு ஆறு வயது, ஏழு வயது.

தினசரி நடைமுறைதான் பாடம்

தொடக்கப் பள்ளியில் பிள்ளை அ, ஆ படிப்பதற்கு முன்பே வேறு பல விஷயங்களைக் கற்றுக்கொள்கிறது. எங்கே உட்காருவது, யார் கையால் தண்ணீர் குடிப்பது, யார் கூட்டுவது, யார் எழுந்து நிற்பது என்பதெல்லாம் தினமும் நடப்பவை. தினமும் நடப்பதால் மனதில் ஆழமாகப் பதிபவை. சாத்தாராவில் பள்ளிக்கூடம் போன சிறுவன் அம்பேத்கர், உட்காரச் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோனார். குழாயைத் தானே திறந்து குடிக்க அவருக்கு அனுமதி இல்லை. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான். அங்கே யாரும் சாதியைப் பாடமாக நடத்தவில்லை. ஒரு சாக்கும் ஒரு குழாயும் அந்தப் பாடத்தை நடத்தின.

இன்று சாக்கு இல்லை. ஆனாலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

முதலில் உட்காரும் இடம். ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாக வருகிறார்கள், ஒன்றாக உட்காருகிறார்கள், இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் தெரு என்றால் சாதி. தெருவாரியாக உட்கார விட்டால் வகுப்பறையிலும் ஒரு காலனி உருவாகிவிடும். பெயரின் முதலெழுத்து வரிசையில் உட்கார வைத்து, வாரம் ஒருமுறை இடம் மாற்றினால் தீர்ந்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று அரசிடம் அறிக்கை கொடுத்தது. அதிலும் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து உட்கார வைக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை வருடம் முழுவதும் அரும்பிலேயே இருந்தால், அதுவே அதன் இடம் என்றாகிவிடும். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, எப்போது அடுத்த நிலைக்குப் போகும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது சாப்பாடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரத்துச் சீமையில்தான் இது நடந்தது. பந்தியில் யார் முதலில் உட்காருகிறார்கள், தட்டு தனியாக வைக்கப்படுகிறதா, ஒரே குவளையில் தண்ணீர் தரப்படுகிறதா என்பதைப் பெற்றோர் ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மூன்றாவது கூட்டுவதும் கழுவுவதும். வகுப்பறையைப் பிள்ளைகள் முறைபோட்டுச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல பழக்கம். முறை எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்வரை அது பழக்கம். ஒரு தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தால் அது அடிமை வேலை. கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளைக்கும் உரிய வேலையே இல்லை. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தது வெளியே வந்தது. எப்படி வந்தது? டெங்கு காய்ச்சலில் படுத்த ஒரு சிறுவன், கழிப்பறை கழுவும்போது கொசு கடித்தது என்று தாயிடம் சொன்னான். அந்தத் தாய் புகார் கொடுத்தார். தலைமை ஆசிரியை கைதானார். தாய் கேட்டிருக்காவிட்டால் அந்த வேலை தொடர்ந்திருக்கும்.

நான்காவது உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் பிள்ளைகளுக்குத் தரும் ஊக்கத்தொகைக்குச் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் வேண்டும். அதற்காக வகுப்பின் நடுவே, “எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்திருங்க” என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் சந்துரு குழு சொல்லியிருக்கிறது.

நாலு மணிக்குக் கேட்க வேண்டியவை

நம் பகுதியில் பெரும்பாலான தாய்மார்கள் பீடி சுற்றுகிறவர்கள். பிள்ளை பையைத் தூக்கி எறிந்துவிட்டு வரும்போது மடியில் பீடித் தட்டு இருக்கும். கை இலையில் இருக்கட்டும், காது பிள்ளையிடம் இருக்கட்டும். “இன்னைக்கு என்ன படிச்ச?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்.

“யாரு பக்கத்துல இருந்த?”
“சாப்பாடு யாரு போட்டா? யாரோட இருந்து சாப்பிட்ட?”
“தண்ணி எதுல குடிச்ச?”
“இன்னைக்கு யாரெல்லாம் கூட்டுனாங்க?”
“டீச்சர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?”
“கடையில என்ன வாங்குன? கையில குடுத்தாங்களா, கீழ வச்சாங்களா?”

அதட்டிக் கேட்க வேண்டாம், விசாரணை போலவும் வேண்டாம். தினமும் ஒன்றிரண்டு போதும். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பெரிய பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை காலையில் அடம்பிடித்தால், அடித்து அனுப்புவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். வயிற்றுவலி என்று பிள்ளை சொல்வதெல்லாம் வயிற்றில் இருக்கும் வலியாக இருப்பதில்லை.

எங்கே போய்ச் சொல்வது?

முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறவர்கள்தான். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளில் அவர் கண்ணில் படாமலே பல நடக்கும். அங்கே தீராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடுக்கும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

குழுவில் பெயர் இருக்கும், கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போவார்கள் என்ற நிலை பல ஊர்களில் உண்டு. அரை நாள் கூலி போனாலும் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அகர வரிசையில் உட்கார வைப்பது, கூட்டும் முறையைப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுவது, கழிப்பறைக்குத் துப்புரவுப் பணியாளர், உதவித்தொகை விவரம் தனியாகக் கேட்பது என்ற நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றில் போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அடுத்த தலைமை ஆசிரியர் வந்தாலும் நிற்கும்.

அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இந்த எண்களைத் தங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கைப்பேசியிலும் பதிந்து கொடுத்தால் அதுவே பெரிய தொண்டு.

இதைப் படிக்கும் மற்ற சமூகப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாங்குநேரியில் அரிவாளோடு போனவர்களும் பள்ளி மாணவர்கள்தான். வெட்டுப்பட்ட பிள்ளை மருத்துவமனையில் கிடந்தபோது, வெட்டிய பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துப் போனது. அவர்களும் ஒருகாலத்தில் ஒன்றாம் வகுப்பில் யார் பக்கத்திலாவது உட்கார்ந்தவர்கள்தான். இன்னார் பக்கத்தில் உட்காராதே என்று அன்றைக்குச் சொல்லப்படும் சொல், பத்து வருடம் கழித்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சாதியிலிருந்து பிள்ளையைக் காப்பது எங்கள் தெருவின் கவலை மட்டும் இல்லை, உங்கள் வீட்டின் கவலையும்தான்.

கூரைக்கு விதி வர 94 உயிர் வேண்டியிருந்தது. சுவருக்கு 3 உயிர் வேண்டியிருந்தது. சாதிக்கும் அப்படி ஒரு கணக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாலையைப் பார்த்துக் கடக்கச் சொல்லும் அதே பலகையில், இந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளோடும் உட்காருவார்கள், உண்பார்கள் என்ற ஒரு வரியையும் எழுதச் சொல்வோம். எழுதியபடி நடக்கிறதா என்பதைத் தினமும் நாலு மணிக்கு நம் பிள்ளைகளிடம் கேட்போம்.