விரிசலுக்கு யார் பொறுப்பு?

தகப்பனார் கட்டிய வீட்டின் பின்புறம் ஓர் அறை சேர்க்க வேண்டுமென்று, மகளின் விவாகத்துக்காகச் சேமித்த பொருளில் ஒரு பகுதியை எடுத்து மேஸ்திரியின் கையில் கொடுத்த குடும்பஸ்தர் ஒருவர், முதல் ஐப்பசி மழையிலேயே பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில் விரிசல் ஓடுவதையும் தளம் ஒழுகுவதையும் கண்டு முறையிடப் போனால், மேஸ்திரி சென்ட்ரிங்காரரையும், அவர் கம்பி கட்டியவரையும், எல்லோருமாகச் சேர்ந்து சிமென்டையும் குறை கூறி, "செலவைக் குறைக்கச் சொன்னது நீங்கள்தானே" என்று பழியை அவர் தலையிலேயே இறக்கிவிடுகிறார்கள்.

இது அநியாயம். பல வருஷங்களாகப் பாரம் தாங்கி இறுகிப்போன பழைய அஸ்திவாரத்தின் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டால் புதியது சிறிதேனும் அமரும் என்பதும், ஆகையால் இரு சுவர்களையும் வெறும் பூச்சினால் ஒட்டவைப்பது ஆகாது என்பதும், கான்கிரீட்டைச் சாதாரண சிமென்டானால் 7 நாளேனும், கலப்பு சிமென்டானால் 10 நாளேனும் ஈரம் உலராமல் காக்க வேண்டும் என்பதும் தொழில் செய்பவர் அறிந்திருக்க வேண்டிய விஷயங்கள். சிமென்டும் கம்பியும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்த லேபர் கான்ட்ராக்டில் சரக்கின் குறைக்கு அவருக்கும் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை; ஆயினும், தகாத சரக்கென்று தெரிந்தால் வேலையை நிறுத்த மேஸ்திரிக்குச் சுதந்திரம் இருந்ததே!

வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது. வழக்குக்குக் காரணம் தோன்றிய 2 வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால், கட்டுமானக் குறை 5 வருஷத்துக்குள் தென்பட்டால் கட்டி விற்றவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் விதித்திருக்கும் பாதுகாப்பு, அடுக்குமாடியில் வீடு வாங்கியவருக்கு உண்டு. சொந்த மனையில் ஓர் அறை கட்டிக்கொண்டவருக்கு இல்லை. ஒழுகும் கூரையின்கீழ் இவ்விருவர் படும் கஷ்டத்தில் என்ன பேதம் கண்டார்கள்? அந்த 5 வருஷப் பொறுப்பைச் சிறு வேலைகளுக்கும் விஸ்தரிப்பது சர்க்காரின் கடமை.

அதுவரை, வீட்டை நீட்டிக் கட்ட எண்ணுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சதுர அடிக் கணக்கை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல், அஸ்திவாரத்தின் ஆழம், கம்பியின் கனம், குறை நேர்ந்தால் யார் செலவு என்பவற்றையெல்லாம் காகிதத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே கடைசித் தவணை என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.